குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல்: புதுக்கோட்டை மாவட்டம்

வாசித்துக் காட்டுதல் என்பது எழுத்து தெரிந்த ஒருவர் ஒரு நூலை, அதில் அச்சாகியிருக்கும் சொற்களிலேயே, குழந்தையின் காதில் விழும்படி படிப்பது. புத்தகம் இருவர் கண்ணுக்கும் எதிரே இருக்கும். குரல் ஒருவருடையது. இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

கதை சொல்லுதல் இதற்கு நெருங்கிய உறவு என்றாலும் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. கதை சொல்லும் அப்பத்தா நேற்று சொன்னதை இன்று சற்று மாற்றிச் சொல்வார். கேட்கும் முகத்தைப் பார்த்துக் கதையை நீட்டுவார், குறுக்குவார். அச்சிட்ட பக்கம் எத்தனை முறை திறந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லும். வாசிப்பவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், எழுத்தே தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, 'நேத்து இந்த எடத்துல நரி சிரிச்சுச்சே!' என்று பிடித்துவிடும். அந்தக் கணத்தில் குழந்தை ஒன்றைப் புரிந்துகொள்கிறது: கதை படிப்பவரின் வாயிலிருந்து வரவில்லை, தாளில் இருக்கும் கருப்புக் கோடுகளிலிருந்து வருகிறது. எழுத்து என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான முதல் பாடம் இல்லை.

பள்ளிகளில் வழங்கும் 'வாய்விட்டுப் படித்தல்' வேறு ஒன்று. அங்கே மாணவர் எழுந்து நின்று பாடத்தைப் படிப்பார், மற்றவர்கள் விரல் வைத்துக்கொண்டு வருவார்கள், ஆசிரியர் பிழை திருத்துவார். அது பயிற்சியும் தேர்வும் ஆகும். வாசித்துக் காட்டும்போது குழந்தைக்கு எந்தத் தேர்வும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால், 'எங்கள் வகுப்பில் தினமும் உரக்கப் படிக்கிறோமே' என்று சொல்லும் பள்ளிகளில்கூட, ஆசிரியர் ஒரு கதையை முழுதாகப் படித்துக் காட்டும் வழக்கம் இல்லாமல் போகிறது.

எழுத்துத் தமிழும் செவியும்

எந்த மொழியிலும் வாசித்துக் காட்டுவது நன்மை தருவது. தமிழில் அதற்குக் கூடுதலான ஒரு காரணம் உண்டு. தமிழ்க் குழந்தை வீட்டில் கேட்டு வளரும் மொழி வேறு, புத்தகத்தில் சந்திக்கும் மொழி வேறு. இந்த இரட்டை வழக்கை மொழியியலார் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். தமிழ் அதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் மொழிகளில் ஒன்று.

ஒரு சிறுவர் நூலில் 'ஆடு மெல்ல வேலியைத் தாண்டியது' என்ற வரி இருப்பதாகக் கொள்வோம். ஆலங்குடிப் பக்கத்துக் குழந்தை இதையே 'ஆடு மெதுவா வேலியத் தாண்டிருச்சு' என்றுதான் சொல்லும். இரண்டிலும் ஆடு ஒன்றுதான், வேலி ஒன்றுதான். ஆனால் 'மெல்ல' அந்தக் குழந்தைக்குப் புதிய சொல், 'தாண்டியது' புதிய முடிவு. பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் அந்தப் பிள்ளை எழுத்தையும் அடையாளம் காண வேண்டும், அறியாத சொல் வடிவத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். தலையில் ஒரே நேரத்தில் இரண்டு சுமை ஏறுகிறது. மூன்று வயதிலிருந்தே புத்தகத் தமிழைக் காதால் கேட்டு வந்த குழந்தைக்கு இரண்டாவது சுமை பாதியாகக் குறைந்துவிடுகிறது. 'தாண்டியது' என்று கூட்டிப் படித்து முடிக்கும் முன்பே அதன் காது அந்தச் சொல்லை எதிர்பார்த்து நிற்கும்.

கல்வி ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986இல் முன்வைத்த எளிய விளக்கம் இங்கே பொருந்துகிறது. படித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்துக்கூட்டும் திறனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகிக் கிடைக்கும் விளைவு என்பது அவர்கள் கருத்து. கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை, பெருக்கல் என்றனர். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விளைவும் பூச்சியம்தான். 247 எழுத்துகளையும் பிழையின்றிச் சொல்லிவிட்டு, படித்த பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். அங்கே குறைவது எழுத்தறிவு அன்று, செவியறிவு.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவும் தமிழில் காதால்தான் பிடிபடுகிறது. 'க' என்ற ஒரே எழுத்து கல், பகல், பங்கு மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி உண்டு, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விதியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நூறு முறை கேட்ட காது தானாகச் சரி செய்துகொள்ளும். நிறுத்தமும் அப்படியே. 'பலகை' என்று சேர்த்துச் சொன்னால் ஒரு பொருள், 'பல கை' என்று இடைவெளி விட்டால் வேறு பொருள். வினை கடைசியில் வரும் நம் வாக்கியத்தில், யார், எங்கே, யாரோடு என்று எல்லாம் வந்த பிறகே என்ன நடந்தது என்பது தெரியும். அதுவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் பொறுமையை நல்ல வாசிப்புக் குரல் பழக்கிவிடுகிறது.

சொல்வளம் பற்றிய ஓர் அளவீடும் கவனிக்கத்தக்கது. ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் ஆங்கிலத்தைக் கொண்டு கணக்கிட்டதில், சிறுவர் நூல்களில் ஆயிரம் சொல்லுக்கு 31 அளவில் அரிய சொற்கள் இருந்தன. கல்லூரி படித்த பெரியவர்களின் அன்றாடப் பேச்சில் அது 17 மட்டுமே. எவ்வளவு படித்த வீடாக இருந்தாலும் பேச்சால் மட்டும் கொடுக்க முடியாத சொற்களைச் சிறு புத்தகம் கொடுத்துவிடுகிறது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் தமிழில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும் என்று கருத இடமுண்டு.

திண்ணையும் பெரிய எழுத்தும்

குரல்விட்டுப் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. படிக்கத் தெரிந்தவர் வாயால் படித்துக் காட்டி, கேட்டவர் திருப்பிச் சொல்லித்தான் சுவடி கைமாறியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். நினைவாற்றல் அதில் வளர்ந்தது. ஆனால் பொருள் பல ஆண்டு கழித்தே வந்து சேர்ந்தது.

அச்சு வந்தபின் 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியோடு நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவை மலிவு விலையில் ஊரூராகச் சென்றன. மங்கிய விளக்கொளியில் ஒருவர் படிக்க, தெருவே கூடிக் கேட்பதற்கு ஏற்ற எழுத்தளவு அது. கேட்பவர்களில் ஒருவர் 'உம்' கொட்டுவார். பாரதக் கதை படிக்கும் இரவுகளிலும் இதே முறைதான். நாவல் பரவிய பிறகே நடுத்தர வர்க்கத்தில் மௌன வாசிப்பு வேரூன்றியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விளக்கியிருக்கிறார். பழைய வழக்கத்தில் குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் படிக்கப்படவில்லை. பெரியவர்களுக்குப் படித்ததை மடியில் கிடந்த பிள்ளைகளும் கேட்டார்கள், அவ்வளவே.

ராயவரம் தந்த இருவர்

குழந்தைக்கென்றே எழுதி, குழந்தைக்கென்றே அச்சிடும் முயற்சியில் புதுக்கோட்டை வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திருமயத்தை அடுத்த ராயவரம் என்ற ஒரே ஊர் இருவரைத் தந்தது. ஒருவர் 'சக்தி' வை. கோவிந்தன். 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கிய இவர் பெரியவர்களுக்கான நூல்களோடு 'அணில்' போன்ற சிறுவர் இதழ்களையும் நடத்தினார். மற்றவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989). ராயவரத்திலும் ராமச்சந்திரபுரத்திலும் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னையில் கோவிந்தனின் சக்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் இந்தியன் வங்கியில் பணியாற்றியபடியே குழந்தைகளுக்காக எழுதினார். 'மலரும் உள்ளம்' 1944இல் சிறு தொகுதியாக வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமையக் காரணமாயிருந்தவர்களில் முதன்மையானவர் இவர். வங்கிப் பணி ஓய்வுக்குப் பின் 'கோகுலம்' இதழின் ஆசிரியரானார்.

வள்ளியப்பாவின் பாடல்கள் வாசித்துக் காட்டுவதற்கென்றே அமைந்தவை. அடிகள் குறுகியவை, எதுகை காதில் உடனே ஒட்டும், வரும் சொற்களில் பெரும்பாலானவை குழந்தை கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களின் பெயர்கள். அவர் எழுதியது எழுத்துத் தமிழ்தான், ஆனால் ஓசையின் துணையோடு அது பேச்சுத் தமிழ் போலக் குழந்தையின் நாவில் ஏறிவிடுகிறது. மேலே சொன்ன இரட்டை வழக்கின் இடைவெளியை எந்தக் கோட்பாடும் பேசாமல் கடந்து காட்டிய கவிஞர் என்று இவரைச் சொல்வது மிகையாகாது. 1940களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் புதுக்கோட்டை நகரிலிருந்தே சிறுவர் இதழ்கள் பல வெளிவந்ததும் இந்த வரலாற்றின் பகுதியே.

இந்த மரபு அறுந்துவிடவில்லை. புதுக்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்ட மு. முருகேஷ் எழுதிய 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' 2021ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது.

அறிவொளி இயக்கம் விட்டுச்சென்றது

புதுக்கோட்டை மாவட்டத்தின் எழுத்தறிவு வரலாறு 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தோடு பின்னியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கமும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஊதியமின்றிப் பணியாற்றிய இளைஞர்களும் சேர்ந்து அதை மக்கள் இயக்கமாக்கினர். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அதன் புகழ்பெற்ற அத்தியாயம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகியதை இதழாளர் பி. சாய்நாத் விரிவாகப் பதிவுசெய்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை முடித்துத் திரும்பியவர்களும் இரவில் சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். மாவட்டத்தின் அறிவொளிப் பணியைக் களத்தில் இருந்து ஆராய்ந்த பிரான்சிஸ் கோடியின் ஆங்கில நூல் 2013இல் வெளிவந்தது.

சைக்கிள் அளவுக்குப் பேசப்படாத ஒரு பயன் இங்கே முக்கியம். அறிவொளி வகுப்பில் வாசிப்பு தனியாள் வேலையாக இருக்கவில்லை. ஒருவர் எழுத்துக்கூட்ட, பக்கத்தில் இருப்பவர் சொல்லை முடிக்க, மூன்றாமவர் அதை ஒட்டித் தன் கதையைச் சொல்ல, பக்கம் நகர்ந்தது. பாட்டும் வீதி நாடகமும் அதற்கு முன்னும் பின்னும் இருந்தன. தாயின் மடியில் தூங்கவந்த குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மாவை வெட்கமின்றிப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. தடுமாறிப் படிப்பதில் இழிவு இல்லை என்பதை அவர்கள் வேறு எங்கும் கற்றிருக்க முடியாது.

வீட்டில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 16 லட்சத்து 18 ஆயிரம், எழுத்தறிவு 77 விழுக்காடு. பெண்களிடையே அது குறைவு. ஆகவே, வீட்டில் குழந்தையோடு அதிக நேரம் இருக்கும் அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் எழுத்து தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். 'உறங்கும் முன் பெற்றோர் படித்துக் காட்ட வேண்டும்' என்று பொதுப்படையாகச் சொல்லும் அறிவுரை இத்தகைய வீடுகளுக்குப் போய்ச் சேராது.

இங்கே நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. எழுத்து தெரியாதவர் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். புத்தகத்தை நேராகப் பிடிப்பது, பக்கத்தை இடமிருந்து வலமாகப் பார்ப்பது, படமும் கதையும் சேர்ந்து நகர்வது ஆகியவை அதிலேயே குழந்தைக்குப் பழகிவிடும். நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா தம்பிக்குப் படித்துக் காட்டலாம். அதில் தம்பியைவிட அக்காவுக்கே பயன் அதிகம், ஏனென்றால் அவளுக்கு எளிதான நூலைத் திரும்பத் திரும்பத் தடையின்றிப் படிக்க நல்லதொரு காரணம் கிடைக்கிறது. மூன்றாவது, பிள்ளை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டுவது. பூண்டு உரித்துக்கொண்டோ கடலை ஆய்ந்துகொண்டோ அவர் 'உம்' கொட்டுவார். பிழை திருத்தாத, கதையை மட்டும் கேட்கிற, அடுத்து என்ன ஆச்சு என்று உண்மையாகவே அறிய விரும்புகிற செவி அது. புதிதாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த கேட்பாளர் கிடைக்கமாட்டார்.

எழுத்து தெரிந்த பெற்றோர் செய்யும் பொதுவான பிழை, வாசிப்பைப் பாடமாக்கிவிடுவது. 'இது என்ன எழுத்து, சொல்லு' என்று வரிக்கு வரி நிறுத்தினால் கதை செத்துவிடும். ஒரே புத்தகத்தை முப்பதாவது முறை கேட்டால் சலித்துக்கொள்ளவும் கூடாது. பெரியவர்களுக்கு அது திரும்பச் சொல்வது, குழந்தைக்கோ அடுத்து வருவதை முன்கூட்டி அறிந்து வெல்வது.

வகுப்பறையில்

அமெரிக்காவில் 1985இல் வெளியான வாசிப்புக் குழுவின் அறிக்கை, பின்னாளில் குழந்தை நல்ல வாசகராவதற்குத் தேவையான அறிவைக் கட்டியெழுப்புவதில் படித்துக் காட்டுவதையே தனியொரு முதன்மைச் செயலாகக் குறித்தது. வீட்டில் மட்டுமன்றி வகுப்பறையிலும், மேல்வகுப்பு வரையிலும் அது தொடர வேண்டும் என்றும் கூறியது. நியூசிலாந்தின் டான் ஹோல்டவே 1970களில் பரப்பிய 'பெரிய புத்தக' முறை, தாய் மடியில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பதை முப்பது பேருக்கும் கிடைக்கச் செய்யும் முயற்சி. பின்வரிசையில் இருப்பவருக்கும் எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிய நூலை நிறுத்தி வைத்து, ஆசிரியர் கோலால் சொல்லைத் தொட்டுக்கொண்டே படிப்பார். நம் பெரிய எழுத்துக் கதைகள் தெருவுக்குச் செய்ததை அது வகுப்புக்குச் செய்தது என்றும் சொல்லலாம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வாசித்துக் காட்டுவதற்கு இந்த ஏற்பாடு தடையாக இருப்பதில்லை, ஏனென்றால் கதை கேட்க வகுப்பு வேறுபாடு தேவையில்லை. பிள்ளைகள் அரைவட்டமாக உட்காருவார்கள். ஆசிரியர் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், தோளருகே பக்கவாட்டில் பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதற்கு முதல் நாளே ஒருமுறை தனியாகப் படித்துப் பார்த்திருப்பது அவசியம். அப்போதுதான் கண் பாதி நேரம் தாளிலும் பாதி நேரம் பிள்ளைகள் முகத்திலும் இருக்கும்.

முதல் வாசிப்பு கதைக்கு. அட்டைப் படத்தைக் காட்டி, என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டு, பிறகு அதிகம் நிறுத்தாமல் படித்து முடிப்பது நல்லது. மறுநாள் இரண்டாம் வாசிப்பு சொல்லுக்கு. முன்பு பார்த்த வரி வரும்போது ஆசிரியர், 'ஆடு மெல்ல...' என்று குரலைத் தாழ்த்தி நிறுத்துவார். யாரோ ஒருவர் 'மெதுவா' என்பார். 'ஆமா, மெதுவாத்தான். புத்தகத்துல மெல்லன்னு போட்டிருக்கு' என்று சொல்லி மேலே போனால் போதும். பேச்சு வழக்கு தவறு என்ற எண்ணம் அங்கே எழாது, புதிய சொல்லும் சேர்ந்துவிடும். பேச்சு வழக்கை இழித்துத் திருத்தும் வகுப்பில் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடிய வாய்க்கு எழுத்துத் தமிழும் வராது. மூன்றாம் வாசிப்பில் திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகளே சொல்வார்கள். அப்போது சொல்லின்கீழ் விரலை ஓட்டினால், மனப்பாடமான வரி கண்ணுக்குத் தெரியும் எழுத்தோடு பொருந்தத் தொடங்கும்.

இடையில் கேட்கும் கேள்வி எத்தகையது என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க உளவியலர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் விரிந்த விடை தேவைப்படும் கேள்விகளைக் கேட்டு, குழந்தை சொன்னதை நீட்டிச் சொன்னபோது ஒரே மாதத்தில் பேச்சு வளர்ச்சி தெரிந்தது. 'ஆடு எங்கே போனது?' என்பதற்கு ஒரு சொல் விடைதான் வரும். 'நீயா இருந்தா அந்த ஆட்ட என்ன பண்ணியிருப்ப?' என்று கேட்டால் கீரமங்கலத்துப் பிள்ளை பலாத் தோப்புக்குள் ஆடு புகுந்த கதையை எடுத்துவிடும்.

நூல் தேர்வில் இந்த ஊர்ப்பிடிப்பு உதவும். விராலிமலைப் பிள்ளைக்கு மயிலும், ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளைக்கு வலையும் படகும், வாடிவாசல் பார்த்து வளர்ந்த எல்லாருக்கும் காளையும் தெரிந்தவை. தெரிந்ததில் தொடங்கி, பனியும் பாலைவனமும் வரும் கதைகளுக்குப் பிறகு போகலாம். நேரு பால புத்தகாலயம், துளிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் ஆகியவற்றில் படத்துக்கும் சொல்லுக்கும் சம இடம் தரும் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. நீதியை இறுதியில் ஒட்டவைத்த கதைகளை மட்டுமே பள்ளிக்கு வாங்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. பிள்ளைகள் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பது அவற்றை அல்ல.

இன்றைய ஏற்பாடுகள்

கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வேளையில் தன்னார்வலர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அறிவொளியைக் கண்ட புதுக்கோட்டைக்கு அந்தக் காட்சி பழக்கமானது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடல், கதை, படித்தல் ஆகியவற்றுக்கு வகுப்பறையில் தனிக் களங்களை வைத்தது. பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு கதைநூல்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. இந்தப் பெயர்களே பிள்ளைகளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் வைத்தவை என்று காட்டுகின்றன. நகரில் நடக்கும் புத்தகத் திருவிழாவும், திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தம் சேமிப்பைக் கொண்டு உருவாக்கிய ஞானாலயா நூலகமும் புத்தகத்தை மதிக்கும் ஊராகப் புதுக்கோட்டையை வைத்திருக்கின்றன.

நூல்கள் வந்துவிட்டன. அவை பீரோவுக்குள் பூட்டப்படாமல் ஆசிரியர் குரலில் ஒலிக்க வேண்டுமானால், காலஅட்டவணையில் அதற்கென ஓர் இடம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று வரையறுக்கிறது. நாளுக்குப் பத்து நிமிடம் படித்துக் காட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 33 மணி நேரம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை அதற்குள் ஆயிரம் முறை புத்தகத் தமிழைக் காதால் கேட்டிருக்கும்.